மொட்டை மாடியில் காயப்போட்ட ஹோஸ்

விருதுநகர்
28.11.2007

கண்ணியத்துக்குரிய மருமகன் சைஃபுல்லா அவர்களுக்கு, மாமனார் அப்துல் ஹலீம் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும், உங்கள் மாமி கைருன்னிசாவும், உங்கள் மனைவி மஹ்ரீனும், அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். சென்னையில் உங்கள் உடம்புக்கும், மிஷின்களுக்கு எண்ணெய் கொண்டுபோகிற ஹோஸின் முனைக்குப் பூண் பிடிக்கிற மிஷினைப் படிக்கப் போன உங்கள் படிப்புக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். உங்கள் ஹோஸ் கடையும் இருக்கிறது. இருக்கிறது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஒன்று: பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்துகொண்டு படிக்கவும், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது. தினமும் சாயங்காலம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். நம் வீட்டுப் போன் மஹ்ரீன் படுத்திருக்கிற அறை வாசலில் இருக்கிறது. அதிர்ச்சியான சேதி எதுவும் அவள் காதில் விழக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிஷனாகச் சொல்லியிருக்கிறார். பூத்தில் போய்ப் பேசலாம் என்றால், அந்த பூத்துக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வாயசைவை வைத்தே சேதி பிடிக்கிறவர். லுஹர் தொழுகைக்குப் பேசினால் அஸர் தொழுகைக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் கூரியர். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். மஹ்ரீனுக்கு இதில் ஒரு வார்த்தை தெரியக் கூடாது.

நீங்கள் ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். குடோன்ல இருக்கிற ஹோஸெல்லாம் அங்கனயே கெடக்கட்டும். கடையத் தொறந்து வச்சிட்டு சும்மா உக்காந்திருங்க, அது போதும்" என்றீர்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மருமகனே, நாற்பது வருஷம் இதே ஊரில் மிளகாய் வத்தலுக்கும் மல்லிக்கும் பருப்புக்கும் கமிஷன் மண்டி நடத்தினவனை சும்மா உட்காரச் சொன்னால் கால் உட்காரும், கை உட்காருமா? நீங்கள் போன வாரமே மழை பிடித்துக்கொண்டது. குடோன் சுவர் வேர்த்து வழிந்தது. ஒரு ஹோஸ் சுருளுக்குள் கையை விட்டுப் பார்த்தேன்; சில்லென்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிளகாய் மூட்டைக்குள் கையை விட்டுச் சில்லென்று இருந்தால் என்ன அர்த்தம்? சரக்கில் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இனி பூஞ்சை பிடிக்கும், கறுத்துப்போகும், எவனும் சீந்த மாட்டான். ஹோஸ் ஏற்கெனவே கறுப்புதானே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மழை விட்டு வெயில் அடித்த அன்றைக்கே சரக்கு முழுவதையும் கடை மொட்டை மாடிக்கு ஏற்றச் சொன்னேன். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி மூடியிருக்கிறதே என்று நீங்கள் கடைக்குச் சேர்த்துவிட்டுப் போனீர்களே, அச்சங்குளம் மாரிக்கண்ணனும் விஸ்வநத்தம் வள்ளித்தாயும், அவர்களை விட்டே ஏற்றினேன். மாரிக்கண்ணன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமா மொதலாளி?" என்றான். பாப்பா என்று அவன் சொல்வது நம் மஹ்ரீனை. "ஏலே, புள்ளத்தாச்சிப் பொண்ணுகிட்டப் போயி கடைச் சமாச்சாரம் பேசுவியா? போலே அங்கிட்டு" என்று விரட்டினேன். அவள் ஏற்கெனவே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள். பிரசவத்துக்கு வந்தபோது கூடவே இரண்டு பெரிய பெட்டி வந்ததல்லவா, தூக்கி வந்த மாரிக்கண்ணனுக்கு மூச்சு வாங்கியது, பிள்ளைச் சாமான் இம்புட்டுக் கனமா என்று மாமி அதிசயப்பட்டாள். அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டு பெருக்கக்கூட விடமாட்டேன் என்கிறாள். ஜன்னலைத் திறந்தால், வெயில் உள்ளே வருகிறது மூடுங்கள் என்கிறாள். தலைப்பிரசவம், அப்படித்தான் இருக்கும் என்று மாமி சொல்லிவிட்டாள்.

வள்ளித்தாய்க்கு நான் ஒன்றுமே விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் காயவைக்கிற மேடையிலேயே வளர்ந்தவள். "காயாத சரக்கு எதுக்கு ஆகும் மொதலாளி?" என்று சொல்லிக்கொண்டே ஹோஸை எல்லாம் சுருள் பிரித்து, இடைவெளி விட்டு, வரிசை பிசகாமல் படுக்கவைத்து, மத்தியானம் ஒரு தரம் புரட்டியும் போட்டாள். ஒவ்வொரு முனையிலும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே, உள்ளே காத்துப் போனால்தானே காயும் என்று அம்புட்டையும் கழற்றிவிட்டாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மூடிகளைத் தேட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடுகிறார்கள். மூடி போன கொஞ்ச நாளில் ஒரு ஹோஸுக்குள் குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிவிட்டது. குச்சியை விட்டுக் குத்தலாம் என்று போனேன். வள்ளித்தாய் குறுக்கே நின்றுகொண்டாள். "பாப்பா மாசமா இருக்கையில குளவிக்கூட்டக் கலைப்பாகளா மொதலாளி? ஒங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள். அதையெல்லாம் நம்புகிறவன் நான் இல்லை. ஆனாலும் குச்சியைக் கீழே போட்டுவிட்டேன்.

வெயிலில் கிடந்த ஹோஸ் சாம்பல் பூத்தாற்போல வெளிறிப்போனது. மண்டியில் துவரம்பருப்பு வெளிறினால் என்ன செய்வோம்? எண்ணெய் தொட்டு ஒரு புரட்டுப் புரட்டுவோம். மாமிக்குத் தெரியாமல் அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய்த் தூக்கை எடுத்துப்போய் மூன்று பேருமாக உட்கார்ந்து தேய்த்தோம். மருமகனே, பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு பளபளப்பு! தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அடுத்த நாள் எலியும் வந்து பார்த்தது. நல்லெண்ணெய் வாசனைக்கு வராமல் இருக்குமா? எலிக்குப் பயந்து குடோன் சுவர் முழுக்க ஆணி அடித்து ஒவ்வொன்றாக மாட்டினோம். மாட்டின இடத்தில் எல்லாம் கழுத்து மடங்கித் தொங்கியது. போகப் போக நிமிர்ந்துவிடும் என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

இதோடு நின்றிருந்தால் நமக்குள் முடிந்திருக்கும். சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கிற ஜெயச்சந்திரன் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். காலண்டர் சீசன், லோடு லோடாகத் தாள் காத்துக் கிடக்கிறது, கட்டிங் மிஷினில் எண்ணெய் போகிற ஹோஸ் போய்விட்டது, உடனே வேண்டும் என்றார். மாரிக்கண்ணன் மறுபடியும், "பாப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தான். நான் மறுபடியும் "போலே" என்றேன். இருப்பதிலேயே எது நன்றாகப் பளபளத்ததோ அதை எடுத்துக்கொண்டு நானே அவனுடன் பஸ் ஏறினேன். நீளமாக ஒன்று இருந்தது, தொய்ந்து தொங்குமே, எதற்கு வீண் என்று கச்சிதமான குட்டையைத்தான் கொண்டுபோனேன். மாட்டினபோது துணி காயப்போடுகிற கொடி மாதிரி விறைப்பாக நின்றது. ஆனால் மாரிக்கண்ணன் ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். அவன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் இரும்புச் சாமான் கையில் இருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்களாம். "இம்புட்டுக் காயிதம் கெடக்கு மொதலாளி, இரும்போட இரும்பு உரசுனா பொறி பறந்திராதா?" என்றான். மிஷினே இரும்புதானேலே என்றேன். "அது அவுக இரும்பு" என்றான். துணியைச் சுற்றிக் கையால்தான் இறுக்கினான். எண்ணெய் சொட்டியது. நான் சும்மா இருப்பேனா? ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து, ஈர வேட்டியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினேன். சொட்டு நின்றது. ஹோஸ் மேல் நீளமாக ஓடுகிற வெள்ளைக் கோடு கொடி சுற்றினாற்போல அழகாகச் சுற்றிக்கொண்டு போனது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் நீங்கள் போன் செய்தீர்கள். "இன்னைக்கு என்ன படிச்சீக மாப்பிள்ளை?" என்று மரியாதைக்குத்தான் கேட்டேன். "ரப்பர் சாமானுக்கு மொத எதிரி வெயிலுதான் மாமா" என்றீர்கள். அப்படியா என்றேன். வெளி ரப்பரில் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும் என்றீர்கள். உப்புமா என்று கேட்டேன். ஆணியில் தொங்கவிட்டால் உள்ளே இருக்கிற கம்பி வலை ஒடியும், மூடியைக் கழற்றினால் பூச்சி போய் அடைக்கும், மாட்டும்போது அந்த வெள்ளைக் கோடு நேராக ஓட வேண்டும், முறுக்கினால் உயிரே போச்சு, அழுத்தம் ஏறினால் ஹோஸ் குறுகும், அதனால் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். நாங்கள் செய்த ஒவ்வொன்றையும் யாரோ மறைந்திருந்து பார்த்து உங்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கடைசியாக, "ஊசி முனை அளவு ஓட்டை போதும் மாமா, அந்த அழுத்தத்துல எண்ணெ தோலைப் பொத்துக்கிட்டு உள்ள போயிரும். ஒரு ஆளுக்குக் கையவே எடுத்துட்டாகளாம், இன்னைக்குப் படம் காட்டுனாக" என்றீர்கள். மஹ்ரீன் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப சந்தோசம் மாப்பிள்ளை, நல்லாப் படிங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சிவகாசி போய் இறங்கினேன். அண்ணாச்சி, அதைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்வதற்குத்தான் போனேன், சத்தியமாக. வாயைத் திறப்பதற்குள் அவர் ஆபீசில் இருந்த நாலு பேரைக் கூப்பிட்டு, "பாத்துக்கிடுங்க, சரக்க வித்தமா போனமான்னு இல்லாம பாயி நேர்ல வந்து நிக்காரு! சைஃபுல்லா கடைன்னா கடைதான்யா" என்றார். நீங்கள் ராப்பகலாகப் பாடுபட்டுச் சம்பாதித்த பேர். அதை நானா கெடுப்பது? சொல்லவும் முடியவில்லை, திரும்பி வரவும் கால் வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிங் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஹோஸைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டினேன். ஏன் என்று கேட்டார்கள், கண் படாமல் இருக்க என்று சொன்னேன்.

அந்த மிஷினை ஓட்டுகிறவன் பேர் சங்கிலிமுத்து. நாள் முழுக்க அவன் கை அந்த ஹோஸுக்குப் பக்கத்தில்தான். சாக்கு நனைந்தால் விலக்கிவிட்டு வெறும் உள்ளங்கையால் ஹோஸைத் துடைப்பான். "கைய எடுலே!" என்று நான் கத்துவேன். "எண்ணெதான பாய், கடிச்சா வச்சிரும்?" என்று சிரிப்பான். அவன் கையை மிஷினை விட்டு நகர்த்துவதற்காக நான் படாத பாடு இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். வடை வாங்கிக் கொடுத்தேன். பாங்கு சொல்கிறார்கள், அது முடிகிற வரைக்கும் மிஷின் சத்தம் வேண்டாம் என்றேன். தினம் எங்கே போகிறீர்கள் என்று மாமி கேட்டதற்கு, சிவகாசியில் ஒரு சிநேகிதருக்கு உடம்பு சரியில்லை என்றேன். யார் என்று கேட்டாள். சட்டென்று வாயில் வந்தது சங்கிலிமுத்துதான். அவள் மனசு உங்களுக்குத் தெரியுமே, நோன்பு மாசம் முடிந்தும் அன்றிலிருந்து தினமும் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி. நான் கொண்டுபோய்க் கொடுக்க, அவன் கையைக் கழுவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து ரசித்துக் குடிப்பான். அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு மூச்சு வரும்.

நேற்று கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, "ரோஜாவுக்குத் தையில கல்யாணம் பாய். மொதப் பத்திரிக்கை ஒங்களுக்குத்தான். இத்தன வருசத்துல எம் பக்கத்துல இப்பிடி ஒரு ஆளு வந்து ஒக்காந்ததில்ல, கஞ்சி குடுத்ததில்ல. ஒங்களுக்கு எம்மேல என்ன அம்புட்டுப் பிரியம்?" என்றான். ரோஜா அவன் மகள். தட்டில் பத்திரிகை வைத்து நீட்ட இவனுக்கு இரண்டு கையும் வேண்டுமே என்று நினைத்தேன், அவ்வளவுதான், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

இன்றைக்கு முற்பகல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாக்கு ஒரு பக்கமாகப் புடைத்தது. விலக்கிப் பார்த்தால் நான் முறுக்கின இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம். "இது என்னா பாய்?" என்று சங்கிலிமுத்து விரலை நீட்டினான், அமுக்கிப் பார்க்க. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "தொடாதலே!" என்று கத்திக்கொண்டே அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளிவிட்டு, ஓடிப்போய் சுவரில் இருந்த பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தேன். கட்டிங் மிஷின் நின்றது. அச்சு மிஷினும் நின்றது, லைட், ஃபேன் எல்லாம் நின்றது. ஜெயச்சந்திரன் அண்ணாச்சி ஓடி வந்தார். பிறகு என் வாயிலிருந்து எல்லாம் வந்தது. வெயில் வந்தது, நல்லெண்ணெய் வந்தது, ஆணி வந்தது, முறுக்கினது வந்தது, கேட்காத குளவிக்கூடும் வந்தது. அண்ணாச்சி குனிந்து ஹோஸை முகர்ந்து பார்த்தார். "ஹோஸுக்கு... நல்லெண்ணெயா பாய்?" என்றார்.

சங்கிலிமுத்து எழுந்து வந்தான். தன் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இதுக்குத்தான் தெனமும் வந்து உக்காந்திருந்தீகளா பாய்?" என்றான். ஆமாம் என்றேன். ஸ்பேனரை எடுத்து அந்த ஹோஸைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் நான் நன்றாக இருந்திருப்பேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். வேட்டியெல்லாம் எண்ணெய்.

ஆகையால் மருமகனே, படிப்பு அப்புறம் படிக்கலாம். இந்தக் கடிதம் கண்ட நிமிஷம் நல்ல ஹோஸ் ஒன்றோடு ரயில் ஏறவும். அந்த அளவு மதுரையில் கிடைக்கவில்லை என்று அண்ணாச்சி சொல்கிறார். மிஷின் நிற்கிறது, தாள் நிற்கிறது, சங்கிலிமுத்து வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான், எல்லாம் என்னால். கடையைப் பூட்டிவிட்டேன். குடோனில் இருக்கிற சரக்கில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க மாட்டேன். இனி என்னை நம்பி ஒரு மூடியைக்கூட விட்டுப் போகாதீர்கள். உங்கள் பேரைக் கெடுத்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அந்த விரல் இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுக்கிறேன். எழுத்து விட்டு விட்டு இருப்பது அதனால்தான்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும், பொறுமையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவும் அல்லாஹ் தருவானாக. மாமி துஆ சொன்னாள். மாரிக்கண்ணனும் வள்ளித்தாயும் கும்பிடு சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
அப்துல் ஹலீம்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடவும். வர வேண்டாம். உறை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போன நேரத்தில் மஹ்ரீன் இதை எடுத்துப் படித்துவிட்டாள். மயக்கம் போடவில்லை. முதல் பக்கத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்; சங்கிலிமுத்து வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு, "அத்தா, அவுக ஒங்ககிட்ட விட்டுட்டுப் போனது அம்புட்டும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் கழிச்சுப் போட்ட ஹோஸ். நீங்க சும்மா இருக்க மாட்டீகன்னு அவுகளுக்குத் தெரியாதா? நல்ல சரக்கு இங்கன இருக்கு" என்று கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள். பெட்டியை இழுத்துத் திறந்தேன். பெரிய பெரிய வளையமாகச் சுருட்டி, மூடி போட்டபடி, ஒன்றை ஒன்று அழுத்தாமல், வெயில் தெரியாமல், எண்ணெய் தெரியாமல் இருக்கிறது. கேட்டு வருகிறவர்களை மஹ்ரீனிடம் அனுப்பச் சொல்லி மாரிக்கண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனீர்களாமே. அவன் கேட்கத்தான் செய்தான். நான்தான் போலே என்றேன்.

நாற்பது வருஷ வியாபாரிக்குக் கழித்த சரக்கைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான். அதை நீங்கள் வந்த பிறகு காட்டுகிறேன். கொஞ்சம் தொய்வு விட்டு மாட்டுகிற நீளத்தில் ஒரு ஹோஸை மஹ்ரீன் எடுத்து வைத்திருக்கிறாள். என்னைத் தொட விடவில்லை. காலையில் மாரிக்கண்ணன் தூக்கி வருவான், ஸ்பேனரை சங்கிலிமுத்து பிடிப்பான். கழித்ததில் குளவிக்கூடு இருக்கிற ஹோஸை மட்டும் ஹோஸ் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று உங்கள் மனைவியே சொல்லிவிட்டாள். கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், பிள்ளை பிறந்து பெரிதானதும் படித்துக் காட்ட வேண்டுமாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மாமிதான் எடுத்தாள். "சங்கிலிமுத்து பேசுறேம்மா. நாளைக்கு ஹோஸ் வந்தாலும் வராட்டியும் பாய் வருவாகல்ல?" என்று கேட்டானாம். நோயாளிக்குக் குரல் இப்படிக் கணீரென்று இருக்கிறதே என்று மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வருவாக, கஞ்சியும் வரும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.